சொந்த வீட்டில் சுவிட்சைத் தேடியவர்

சமையலறை விளக்கைப் போடுவதற்கு அவர் உள்பக்கச் சுவரைத் தடவினார். சுவிட்ச் வெளியே, கதவு நிலையை ஒட்டி நடைச் சுவரில் இருந்தது. நான் முதலில் கவனித்தது இதைத்தான்.

இங்கிருந்து தொடங்கக் கூடாது, நீ யார் என்பதிலிருந்து வரிசையாகச் சொல் என்று இதை எழுதிக்கொள்ளும் பெண் போலீஸ் அதிகாரி சொன்னதால் அப்படியே சொல்கிறேன். என் பெயரும் முகவரியும் முதல் தாளில் எழுதப்பட்டுவிட்டன. வயது பதினேழு. வயது நிரம்பாதவள் என்பதால் அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். குறுக்கே பேசக் கூடாது என்று அவரிடம் சொல்லப்பட்டிருக்கிறது. நான் ஒன்பதாம் வகுப்பின் நடுவில் பள்ளியை விட்டு நின்றேன். அப்போது குடியிருந்த வாடகை வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள், அடுத்துக் கிடைத்த வீட்டிலிருந்து பள்ளி மிகவும் தூரமாகப் போய்விட்டது. இப்போது திரைச்சீலை தைக்கும் கடையில் வேலை செய்கிறேன். தைப்பதோடு, துணி வாங்குகிறவர்களின் வீடுகளுக்குப் போய் ஜன்னல்களை அளப்பதும் கம்பி மாட்டுவதும் என் வேலை. அப்பா ரொட்டிக் கம்பெனியில் வேன் ஓட்டுகிறார். அம்மா மருத்துவமனைச் சலவைப் பிரிவில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறார்.

நாங்கள் இப்போது இருப்பது ஒரே அறை உள்ள வாடகை வீடு. நான் உடை மாற்ற வேண்டுமென்றால் அலமாரிக் கதவைத் திறந்துவைத்து அதன் பின்னால் நின்று மாற்றுவேன். அந்த நேரத்தில் அப்பா ஜன்னல் வழியாகத் தெருவில் நிற்கும் வேனைப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்த வீட்டையும் விற்கப் போவதாகச் சொல்லிக் காலி செய்யச் சொன்ன பிறகு, இனி வாடகைக்குப் போவதில்லை, கடன் வாங்கியாவது சொந்தமாக ஒன்று வாங்குவது என்று அம்மா முடிவு செய்தார். அப்பா ஒருநாள் யோசித்துவிட்டுச் சம்மதித்தார்.

அதன் பிறகு அப்பா, தான் ரொட்டி இறக்கும் கடை ஒன்றில் பழக்கமான வீட்டுத் தரகரைக் கூட்டிவந்தார். அவர் இடுப்பில் எப்போதும் ஒரு பெரிய சாவிக் கொத்து தொங்கும். அதனால் வீட்டில் அவரைச் சாவிக்காரர் என்றே சொன்னோம். அவர் அப்பாவை அண்ணே என்றும் அம்மாவை அக்கா என்றும் கூப்பிட்டார். வந்த முதல் நாளே எங்கள் அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அக்கா, இதுல மூணு பேரு எப்படி இருக்கீங்க? மூச்ச முறை வெச்சு விடுவீங்களா?" என்று கேட்டார். அம்மா நெடுநேரம் சிரித்தார். எனக்கும் அவரைப் பிடித்திருந்தது.

அதன் பிறகு ஒரு வேலை நாளில், காலை வேளை முடியும் நேரத்தில், நாங்கள் மூவரும் சாவிக்காரருடன் அந்த வீட்டைப் பார்க்கப் போனோம். மூன்றாவது மாடி, இரண்டு படுக்கையறை. எதிரும் புதிருமாக ஒரு மாடிக்கு இரண்டு வீடுகள். அங்கே ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவர், இஸ்திரி போட்ட சட்டையுடன், கதவைத் திறந்தார். இவர்தான் வீட்டுக்காரர், மகளோடு போய் இருக்கப் போவதால் விற்கிறார் என்று சாவிக்காரர் சொன்னார். நாங்கள் அவரைச் சார் என்று கூப்பிட்டோம். அவர் மிகவும் மரியாதையாகப் பேசினார். பல வருடமாக இங்கேதான் இருப்பதாகவும், இந்த வீட்டில்தான் மகளை வளர்த்ததாகவும் சொன்னார். அதன் பிறகு சமையலறையைக் காட்ட எங்களை அழைத்துப் போனபோதுதான், நான் முதலில் சொன்னது நடந்தது. சாவிக்காரர் வெளியே கையை நீட்டி விளக்கைப் போட்டார். சார் சிரித்துக்கொண்டே, "நான் எங்கங்க கிச்சன் பக்கம் வரேன்" என்றார்.

நான் பல வீடுகளுக்குள் போகிறவள். தங்கள் வீட்டில் யாரும் சுவிட்சைத் தேடி நான் பார்த்ததில்லை. வேறு எதையோ பேசிக்கொண்டே கை அங்கே போய்விடும். ஆனால் அப்போது இதை நான் இவ்வளவு தெளிவாக நினைக்கவில்லை. ஏதோ ஒன்று உறுத்தியது, அவ்வளவுதான். அம்மா அதற்குள் உள் அறைக்குப் போய், கட்டில் எங்கே வரும், அலமாரி எங்கே வரும் என்று நடந்து நடந்து பார்த்துக்கொண்டிருந்தார். சிறிய அறையின் வாசலில் நின்று என்னைக் கூப்பிட்டு, "இது ஒனக்கு. உள்ள போயி கதவச் சாத்திப் பாரு" என்றார். நான் உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். சும்மா நின்றேன். பிறகு வெளியே வந்தேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மாவிடம், சார் சுவிட்சைத் தேடினார் என்று சொன்னேன். அம்மா, "போடி. ஒங்கப்பா இன்னிக்கும் உப்பு டப்பா எதுன்னு என்னைத்தான் கேக்குறாரு. அதுக்காக அவரு ஒங்கப்பா இல்லன்னு ஆயிடுமா?" என்றார். முன் சீட்டிலிருந்த அப்பா திரும்பிப் பார்க்காமல், "அது உப்பு டப்பாவே இல்ல, பிஸ்கட் டப்பா" என்றார். மூவரும் சிரித்தோம். அதன் பிறகு நான் அதைப் பற்றிப் பேசவில்லை.

அந்த மாடியில் இருப்பவர்களிடம் ஏன் யாரும் விசாரிக்கவில்லை என்று அதிகாரி கேட்டார். எங்களுக்கு அந்தப் பழக்கம் இல்லை. நான் பிறந்ததிலிருந்து வாடகை வீடுகளில்தான் இருந்திருக்கிறோம். அதற்கென்று அப்பா சில முறைகளை வைத்திருக்கிறார். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. படியில் சத்தம் வரக் கூடாது. அக்கம்பக்கத்து வீட்டு மணியை எதற்காகவும் அடிக்கக் கூடாது. முன்பு ஒரு வீட்டில் எங்கள் தையல் மெஷின் சத்தத்தைப் பற்றிக் கீழ்வீட்டில் புகார் சொன்னதால்தான் வெளியேற வேண்டி வந்தது. அதனால் இந்த வீட்டைப் பார்க்கப் போன ஒவ்வொரு தடவையும் நாங்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, பேசாமல் மாடி ஏறினோம். வீட்டை வாங்கப் போகிறவர்கள் நாங்கள்தான் என்பது மூன்று பேருக்கும் நினைவில் இல்லை. சாவிக்காரர் இதைப் பார்த்து, "ஒங்கள மாதிரி சத்தமில்லாத பார்ட்டி நான் பார்த்ததே இல்லண்ணே" என்று பாராட்டினார்.

அதன் பிறகு அப்பாவும் அம்மாவும் வீட்டுக் கடனுக்காக வங்கிக்குப் போனார்கள். நானும் ஒரு தடவை கூடப் போனேன். கடன் பிரிவில் இருந்த மேடம் நிறைய கேள்விகள் கேட்டார். அப்பாவின் வேலை நிரந்தரமா, அம்மாவுக்கு ஏதாவது நோய் உண்டா, தவணை முடியும்போது அப்பாவுக்கு என்ன வயதாகும் என்றெல்லாம் கேட்டார். கடைசிக் கேள்விக்கு அப்பா விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, "அதுவரைக்கும் ஓட்டுவேன் மேடம்" என்றார். கடன் தீரும்வரை வீடு வங்கியிடம் அடமானமாக இருக்கும், தவணை தவறினால் வங்கி எடுத்துக்கொள்ளும் என்று மேடம் இரண்டு முறை சொன்னார். அம்மா இரண்டு முறையும் தலையாட்டினார். சாரும் ஒருநாள் வங்கிக்கு வந்து தன் அடையாள அட்டையைக் காட்டியதாகவும், அதில் அவர் படமே இருந்ததாகவும் அப்பா சொன்னார். வங்கி அனுப்பிய இன்ஜினியர் வந்து சுவரைத் தட்டிப் பார்த்தார், குழாயைத் திறந்து பார்த்தார், கூரையில் ஈரம் இருக்கிறதா என்று பார்த்தார். எல்லோரும் வீட்டைத்தான் பார்த்தார்கள்.

கடன் கிடைக்கும் என்று தெரிந்த பிறகு அப்பா சாவிக்காரர் மூலமாக முன்பணம் கொடுத்தார். அதில் அம்மாவின் வளையல்களும் அடக்கம். அதன் பிறகு அம்மா கையில் நூல் கட்டியிருந்தார். ஏன் என்று கேட்டதற்கு, கை வெறுமையாக இருந்தால் இஸ்திரிப் பெட்டியைத் தூக்குவது வேறு மாதிரி இருக்கிறது என்றார்.

பதிவு நாளுக்கு முந்தைய நாள், வாங்கப் போகும் வீட்டுக்கு நானே திரைச்சீலை தைப்பதாக இருந்ததால், ஜன்னல்களை அளக்கப் போனேன். சாவிக்காரர் கதவைத் திறந்தார். சாரும் இருந்தார். அன்று நான் தனியாகப் போயிருந்ததால் வீட்டை நன்றாகப் பார்த்தேன். நடையில், என் இடுப்பு உயரத்தில், சுவர் நெடுக ஒரு கைப்பிடிக் கம்பி பொருத்தப்பட்டிருந்தது. குளியலறையிலும் அதேபோல இருந்தது. அது நடக்க முடியாதவர்கள் பிடித்துக்கொள்ள வைப்பது என்று எனக்குத் தெரியும். அதன் பூச்சு ஒரே உயரத்தில் தேய்ந்திருந்தது. கம்பி இருந்தால் நடை ஜன்னல் திரைச்சீலை அதில் மாட்டிக்கொள்ளும், கழற்றலாமா என்று கேட்பதற்காக, "இது யாருக்கு சார் வெச்சது?" என்று கேட்டேன்.

சார், "எங்க அம்மாவுக்கு" என்றார். அதே நேரத்தில் ஹாலிலிருந்து சாவிக்காரர், "அவரு சம்சாரத்துக்கு பாப்பா" என்றார்.

சாவிக்காரர் நடைக்கு வந்து, "ரெண்டு பேருக்கும்தான். வீட்ல வயசானவங்கன்னா சும்மாவா" என்றார். பிறகு என் கையிலிருந்த டேப்பைப் பார்த்து, "பாப்பா, நீ ஜன்னல மட்டும் அள" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் மீதி ஜன்னல்களை அளந்தேன். ஆனால் அளவு மனதில் நிற்கவில்லை; கதவு வரை போனவள் திரும்பி வந்து இன்னொரு தடவை அளக்க வேண்டியிருந்தது. இரண்டாவது தடவை அளந்தபோது சாவிக்காரர் என் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

அன்று மாலை அப்பாவிடம் சொன்னேன். அப்பா சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். "அவங்க வீட்டு அம்மாவுக்கும் கால் வலி, பொண்டாட்டிக்கும் கால் வலி. ஒனக்கு என்ன?" என்றார். நான் மறுபடியும் சொன்னேன். அவர் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, "ஊர்ல எல்லாரும் பேசுறப்ப நீ பேச மாட்ட. பேசாம இருக்க வேண்டிய நேரத்துல பேசுற. முன்பணம் கொடுத்தாச்சு. இந்த வீட்டுக்காரன்கிட்ட காலி பண்றேன்னு சொல்லியாச்சு. இப்ப போயி என்னன்னு சொல்லச் சொல்ற? எம் பொண்ணு கம்பியப் பாத்தான்னா?" என்றார். அம்மா பாத்திரங்களைச் செய்தித்தாளில் சுற்றி அட்டைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தவர், ஒரு தம்ளரைச் சுற்றிய பிறகு மறுபடியும் பிரித்துச் சுற்றினார்.

மறுநாள் காலை நடந்ததைச் சொல்கிறேன். வீடு காலியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பிறகு எல்லோரும் சேர்ந்து பதிவு அலுவலகம் போவது என்று ஏற்பாடு. அங்கே கையெழுத்தானதும் மேடம் வங்கிக் காசோலையைச் சாரிடம் கொடுப்பார். அதன் பிறகு கடன் எங்கள் தலையில். மேடம், அப்பா, அம்மா மூவரும் முன்னால் ஏறிப் போய்விட்டார்கள். சார் ஏற்கெனவே உள்ளே இருந்தார். நான் திரைச்சீலைக் கம்பிகளைத் தூக்கிக்கொண்டு கடைசியாக ஏறினேன். கம்பி சுவரில் இடிக்காமல் இருப்பதற்காக மெதுவாக ஏறினேன்.

மூன்றாவது மாடிக்குச் சற்றுக் கீழே, படி திரும்பும் இடத்தில் இருந்தபோது, எதிர்வீட்டுக் கதவு திறந்தது. கழுத்தில் துண்டைச் சுற்றிய ஒரு வயதான அம்மா வெளியே வந்தார். வழக்கமாக அந்த நேரத்தில் அவர் வேலைக்குப் போயிருப்பார் என்றும், காய்ச்சலால் அன்று லீவு போட்டிருந்தார் என்றும் பிறகு தெரிந்துகொண்டேன். சாவிக்காரர் எங்கள் பக்கத்துக் கதவைச் சாத்திவிட்டு அப்போதுதான் வெளியே வந்தார். அவர்கள் பேசியதை நான் முழுவதும் கேட்டேன்.

எதிர்வீட்டு அம்மா, "என்னப்பா, சார் வந்திருக்காரா? பேச்சுக் குரல் கேட்டுதே" என்றார்.

சாவிக்காரர், "அவரு எங்கம்மா வர்றது! வீடு பாக்க ஆளுங்க வந்திருக்காங்க. வாடகைக்கு" என்றார்.

"நல்ல மனுஷங்களா பாத்து விடு. சாருக்குக் கால் எப்படி இருக்காம்? மக வீட்ல எழுந்து நடக்கிறாரா?"

"மெள்ள மெள்ள நடக்கிறாரும்மா. நீங்க காய்ச்சலோட காத்துல நிக்காதீங்க, போய்ப் படுங்க."

கதவு சாத்தப்பட்டது. சாவிக்காரர் திரும்பியபோது என்னைப் பார்த்தார். நான்கு படி இறங்கி வந்து என் கையிலிருந்த கம்பிகளை வாங்கிச் சுவரில் சாத்தினார். அதட்டவில்லை. மிரட்டவில்லை. "மேல போய் அம்மா முகத்தப் பாரு பாப்பா. எவ்ளோ நாள் கழிச்சு அப்படி ஒரு முகம். ஒன் வாயால அதக் கெடுக்காத" என்று மெதுவாகச் சொன்னார். பிறகு என் தோளைத் தட்டி, "நீ பேசாத பொண்ணு. அதனாலதான் ஒன்ன எனக்குப் புடிக்கும்" என்றார். அதன் பிறகு காரை வாசலுக்குக் கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போனார்.

நான் வீட்டுக்குள் போனேன். அவர் சொன்னது சரிதான், அம்மாவின் முகம் அப்படித்தான் இருந்தது. சமையலறை ஜன்னலைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். அப்பாவும் மேடமும் ஹாலில் நின்றார்கள். நான் மேடத்தின் முன்னால் போய், "மேடம்" என்றேன். அதற்கு மேல் வரவில்லை. மேடம், "என்னம்மா, தண்ணி வேணுமா?" என்று கேட்டார். அப்பா, "அவ அப்படித்தான் மேடம், புது ஆளுங்கன்னா பேச்சே வராது" என்று சொல்லிவிட்டு, உள்ளே பார்த்து, "சார், கெளம்பலாமா?" என்று கூப்பிட்டார். பெரிய படுக்கையறையில் சுவர்க் கண்ணாடி முன் தலை வாரிக்கொண்டிருந்த சார், "இதோ வந்துட்டேன்" என்றார். அப்பா செருப்பைக் கையில் எடுத்தார். மேடம் பையைத் தோளில் மாட்டினார்.

நான் போய்ப் படுக்கையறைக் கதவை இழுத்துச் சாத்தி, வெளியே கைப்பிடிக்கு அருகில் இருந்த தாழ்ப்பாளைப் போட்டேன்.

முதலில் சார், கதவு மாட்டிக்கொண்டது என்று நினைத்து, மரியாதையாகத் தட்டினார். அப்பா ஓடிவந்து, "என்னடி பண்ற?" என்று என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். நான் கதவில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டேன். உள்ளிருந்து தட்டுவது என் முதுகில் தெரிந்தது. கீழே சாவிக்காரர் ஹாரன் அடித்தார். அப்பா மேடத்திடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே என்னை இழுத்தார். சமையலறையிலிருந்து வந்த அம்மா என்னைப் பார்த்து, "ஏன்டி, நமக்குன்னு ஒரு நல்லது நடக்கறது ஒனக்கே பொறுக்கலையா?" என்று கேட்டார்.

அப்போதுதான் எனக்குப் பேச்சு வந்தது. எதிர்வீட்டு அம்மா சாவிக்காரரிடம் கேட்டதையும், அவர் வாடகைக்கு என்று சொன்னதையும், உண்மையான சாருக்குக் கால் முடியாது, மகள் வீட்டில் இருக்கிறார் என்பதையும், அவர்கள் பேசியபடியே சொன்னேன். சத்தமாகச் சொன்னேன் என்று மேடம் பிறகு சொன்னார். எனக்குத் தெரியவில்லை.

அப்பா என் கையை விடவில்லை. உள்ளிருந்து சார், "அண்ணே, சின்னப் பொண்ணு என்னமோ உளறுது, நேரமாகுதுண்ணே" என்றார். கீழே மறுபடியும் ஹாரன் கேட்டது. அம்மா என்னை மட்டும் பார்த்து, "நீ காதால கேட்டியா?" என்றார். கேட்டேன் என்றேன். அம்மா வெளியே போய் எதிர்வீட்டு மணியை அடித்தார். அம்மா யார் வீட்டு மணியையும் அடித்து நான் பார்த்ததில்லை. கையை எடுக்காமல் அடித்துக்கொண்டே இருந்தார்.

எதிர்வீட்டு அம்மா வந்தார். வீட்டுக்காரர் இங்கே உள்ளே இருக்கிறாரா என்று மேடம் கேட்டதற்கு, "சாரா? இங்கயா? போன வாரம்கூட மக வீட்லேருந்து போன்ல பேசினாரே. காலத் தூக்கி வெக்கவே முடியலன்னு சொன்னாரே" என்றார். மேடம் பையைத் தோளிலிருந்து எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டார். பிறகு தொலைபேசியை எடுத்து உங்கள் நிலையத்துக்குப் பேசினார். அப்பா என் கையை விட்டுவிட்டு, சுவரை ஒட்டித் தரையில் உட்கார்ந்தார். செருப்பு இன்னும் அவர் கையிலேயே இருந்தது. "முன்பணம்" என்று மட்டும் சொன்னார். படியில் பாதி ஏறி வந்த சாவிக்காரர், எதிர்வீட்டு அம்மா எங்கள் வாசலில் நிற்பதைப் பார்த்துத் திரும்பி இறங்கியதை நான் பார்க்கவில்லை. அம்மா பார்த்தார், அதை அவரே தனியாகச் சொல்வார்.

இதுவரை சொன்னதில் நான் கண்ணால் பார்த்ததும் காதால் கேட்டதும் தவிர வேறு எதையும் சேர்க்கவில்லை. எதையும் விடவும் இல்லை. எல்லாம் எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது, சரியாக இருக்கிறது, கையெழுத்துப் போடுகிறேன். அறைக்குள் இருந்தவர் உங்களிடம் சொன்னதாகச் சொல்லப்படும் கடைசி விஷயம் மட்டும் பாக்கி. அதுவும் நடந்ததுதான்.

நீங்கள் வருவதற்கு முன், உள்ளே தட்டுவது நின்றுவிட்டது. கதவுக்கு மிக அருகிலிருந்து அவர் பேசினார். சார் என்று நாங்கள் கூப்பிட்டபோது பேசிய குரல் அது இல்லை. "பாப்பா, நான் கூலிக்கு வந்தவன்மா. ரெண்டு நாள் வந்து நின்னா போதும்னு கூட்டிட்டு வந்தான். நீங்க குடுத்தது எதுவும் என் கைக்கு வரல. சத்தமில்லாம போயிடறேன். கதவத் தொற கண்ணு" என்றார். அப்பா தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். அம்மாவும் பார்த்தார்.

நான் ஹாலில் மிச்சமிருந்த நாற்காலியை இழுத்துவந்து கதவருகே போட்டேன். அதன் மேல் ஏறி, மேல் தாழ்ப்பாளையும் போட்டேன்.